மீதி 6,423 கதவுகள்

ஒன்பதாம் அறையில் மணி அடித்தால் செவிலியர் மேசைக்குக் கேட்காது. ஏன் என்று கட்டடம் கட்டியவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாம் மாடி நடைபாதை கொஞ்ச தூரம் ஒழுங்காக நேரே போய், திடீரென்று மனம் மாறியதுபோல் வலது பக்கம் திரும்புகிறது. திருப்பத்துக்கு அப்பால் ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று அறைகள். கதவுகள் கனமானவை, தானாகச் சாத்திக்கொள்பவை. நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் கருவி, மூச்சோ நாடியோ தடுமாறினால் மணி அடிக்கும். அது நோயாளிக்கு நன்றாகக் கேட்கும். அவரே எழுந்து வந்து செவிலியரிடம் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துக் கட்டினார்களோ என்னவோ.

போன மாதம் ஒரு மத்தியானம் அந்த மணி நான்கு நிமிடம் அடித்திருக்கிறது. உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். அந்த மாடியின் செவிலியரான அக்கா அப்போது மூன்றாம் அறையில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திருப்பத்துக்கு வந்தபோதுதான் சத்தம் காதில் விழுந்தது. ஓடினாள், டீச்சர் பிழைத்தார். பிழைத்த டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிர்வாகம் அதே கையில் ஒரு மெமோவைக் கொடுத்தது. பதினெட்டு வருடப் பணியில் முதல் மெமோ. இன்னொரு முறை இப்படி நடந்தால் பணிநீக்கம் என்று அதன் கடைசி வரி சொன்னது. அக்காவை உறுத்தியது அந்த வரிகூட இல்லை. இன்னொரு முறை நடந்தால் ஓடிப்போய்ச் சேர முடியுமா என்பதுதான்.

அவளுடைய தம்பி அதே மருத்துவமனையில், தரைத்தளத்துக் கணினிப் பிரிவில், நிரல் எழுதுகிறவன். நாற்பத்தொரு வயது, நெற்றி பாதி மண்டைவரை ஏறிவிட்டது. ஆனாலும் அக்கா எல்லாரிடமும் "எங்க தம்பி, எங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லி, மருத்துவமனை முழுக்க அவனுக்குத் தம்பி என்றே பெயராகிவிட்டது. அவனைவிடச் சின்னவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"டேய், அந்த மணியை என் மேசைக்குக் கொண்டு வர முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு," என்றாள் அக்கா.

"முடியும்க்கா. ஒன்பது நாள் குடு."

சொன்னபடி ஒன்பதாம் நாள் நிரல் தயாராகிவிட்டது. அதை ஒரு கன்டெய்னரில் போட்டு வைத்தான். கன்டெய்னர் என்றால் இரும்பும் இல்லை, தகரமும் இல்லை. ஒரு நிரலை அதற்கு வேண்டிய சாமான்களோடு கட்டிப் பூட்டி வைக்கிற மென்பொருள் பெட்டி, அவ்வளவுதான். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் நிரல் வெளியே இருப்பவற்றோடு பேச வேண்டுமானால் போர்ட் திறக்க வேண்டும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் எண் உண்டு. அக்காவுக்குப் புரியட்டும் என்று தம்பி அதைக் கதவு என்று சொல்லிக் கொடுத்தான்.

அவனுக்கு மூன்று கதவுகள் தேவைப்பட்டன. தலைமாட்டுக் கருவிகள் மணிச் செய்தியை அனுப்புவது 2575 என்ற கதவுக்கு. அந்த எண்ணைக் கருவி செய்தவர்களே உள்ளே பதித்துவிட்டார்கள், மாற்ற வழியில்லை. அக்காவின் மேசைத் திரையில் அறைகளின் நிலவரம் தெரிவது 8080 வழியாக. மூன்றாவது 9000. நிரல் செத்துக்கித்துப் போகாமல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கணினிப் பிரிவுக்கு அது நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லும்.

"மூணு கதவுதானே? திறந்துவிட வேண்டியதுதானே?"

"திறக்கிறது ரெண்டு நிமிஷ வேலைக்கா. திறக்கலாம்னு சொல்ல வைக்கணும்," என்று தம்பி மேலே பார்த்தான்.

மேலே, நான்காம் மாடியில், திறப்பு அனுமதிக் குழு இருந்தது.

குழுவின் அறைக் கதவில் "தட்டக் கூடாது" என்று ஓர் அறிவிப்பும், அதன் கீழே "தட்டாமல் உள்ளே வரக் கூடாது" என்று இன்னோர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். இரண்டிலும் ஒரே கையெழுத்து. தம்பி அரை மணி நேரம் வெளியே நின்றான். பிறகு, படிவங்களுக்குப் பொறுப்பான அம்மா கைகழுவ வெளியே வந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு நுழைந்தான்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். தாத்தாவின் தொழில் பதினொன்றாவது கேள்வி. கதவின் எண் பதினேழாவது. அதற்கு எதிரே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம். தம்பி மூன்று எண்களையும் பொடி எழுத்தில், நடுவில் காற்புள்ளி போட்டு, கட்டத்தைத் தாண்டாமல் எழுதினான். தன் கைத்திறமையை அவனே மெச்சிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. "கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. எழுத்து வழக்கத்துக்கு மாறாகச் சிறியதாக இருப்பது ஐயத்தை ஏற்படுத்துகிறது."

சரி, கதவுக்கு ஒன்றாகத் தருவோம் என்று மூன்று படிவங்களை எழுதிக் கொடுத்தான். இந்த முறை மூன்றே நாளில் வந்துவிட்டன. "ஒரு கன்டெய்னருக்கு ஒரு படிவம். விண்ணப்பதாரர் ஒருவரே மூன்று பேர்போல் நடந்துகொண்டுள்ளார். நேரில் ஆஜராகவும்."

இதற்கிடையில் அக்கா கால்மணிக்கு ஒரு தடவை மேசையிலிருந்து எழுந்து ஒன்பதாம் அறைவரை நடந்து போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது செருப்பு காலில் ஏறவில்லை. வீங்கிய காலைப் பார்த்த தம்பி குனிந்து செருப்புகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

"என்னடா ஆச்சு உன் கதவு?"

"கூப்பிட்டிருக்காங்கக்கா. பேசினா முடிஞ்சிரும்."

அவன் அப்படித்தான் நம்பினான்.

குழுத் தலைவர் நிதானமானவர். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய கைகளைப் பார்த்துப் பேசுகிறவர். பக்கத்தில் செயலர், திறந்த நோட்டோடு. ஜன்னலுக்கு அருகே சோதனையாளர். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது, ஆனாலும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க," என்றார் தலைவர். "எந்தக் கதவு வழியா வந்தீங்க?"

"இதோ, இந்தக் கதவு வழியாத்தான் சார். வேற கதவு இல்லையே."

"ஆக, ஒரு கதவு போதும்னு உங்களுக்கே தெரியுது." செயலர் எழுதிக்கொண்டார். "உங்க வீட்டுல எத்தனை வாசல்?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சார்."

"பின்னால எதுக்கு?"

"துணி காயப்போட."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

தம்பி மணியைப் பற்றிச் சொன்னான். திருப்பத்தைப் பற்றிச் சொன்னான். டீச்சரையும் நான்கு நிமிடத்தையும் சொன்னான். தலைவர் எல்லாவற்றையும் அவன் கைகள் சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டார்.

"இந்த ஒன்பதாயிரம் எதுக்கு?"

"நிரல் உயிரோட இருக்குன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லும் சார்."

"நானும்தான் உயிரோட இருக்கேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கிட்டா இருக்கேன்?" தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர், இல்லை என்று உறுதிசெய்தார். "மடியில கனம் இல்லாதவன் எதுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும்? சரி, அதை விடுங்க. மனுஷனுக்கு எத்தனை வாய்?"

"ஒண்ணு சார்."

"சாப்பிடவும் அதான், பேசவும் அதான், கொட்டாவி விடவும் அதான். மனுஷனே ஒண்ணை வெச்சு ஓட்டுறான். உங்க பெட்டிக்கு மூணு கேக்குது."

"காது ரெண்டு இருக்கே சார்," என்றான் தம்பி. சொல்லியிருக்கக் கூடாது. "எதிர்வாதம் செய்கிறார்" என்று செயலர் எழுதி, அடிக்கோடு போட்டார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் உரை நிகழ்த்தப்போகிறார் என்று அர்த்தம். மற்றவர்கள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"பாருங்க தம்பி, நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. நூத்திப் பன்னெண்டு விண்ணப்பம் வந்திருக்கு. ஒண்ணைக்கூட நான் படிக்காம நிராகரிச்சதில்ல. படிச்சாத்தான் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தாத்தான் நிராகரிக்கணும். சந்தேகமே இல்லாம நிராகரிச்சா அது அநியாயம் இல்லையா? நாங்க நியாயமானவங்க. இந்த ஒன்பது வருஷத்துல இந்த ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு திருட்டுத் தகவல் நுழைஞ்சிருக்கா? கிடையாது. வேற தகவலும் நுழையலதான். ஆனா அதைப் பத்தி ஒரு புகார்கூட எங்களுக்கு வந்ததில்ல. வரணும்னா அதுக்கும் ஒரு கதவு வேணுமே."

மனு விசாரணையில் வைக்கப்பட்டது. மனுதாரரும் கூடவே வைக்கப்பட்டார். மறுநாள் தம்பியின் மேசைக்கு மேலே ஒரு கேமரா முளைத்தது. வாசலில் அவன் சாப்பாட்டுப் பையை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தார்கள். டப்பா இரண்டு அடுக்காக இருந்ததால் ஏன் இரண்டு என்று கேட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் ஏழு வருடமாக அவனோடு டீ குடித்தவர். நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வாரக் கடைசிக்குள் ஜெராக்ஸ் மெஷின் ஓரமாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டால், அங்கே காற்று நன்றாக வருகிறது என்றார். "மூணு கதவு" என்று ஒரு பட்டப்பெயரும் புறப்பட்டு, தம்பிக்கு முன்னாலேயே கேன்டீனுக்குப் போய்விட்டது.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் வீட்டுப் பின்வாசலில் நின்று அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். துணி காயப்போடத்தானா? மாடியில்கூடக் காயப்போடலாமே. இந்த வாசலை வைத்ததில் தனக்கு உள்நோக்கம் எதுவும் இருந்ததா என்று யோசித்தான். வீடு வாடகை வீடு என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வழி காட்டியது படிவ அம்மாதான். இருபது நாள் கழித்து, அவன் படியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"தம்பி, கட்டத்துல ஒரு பதிவுதான் இருக்கணும்னு விதி. ஒரு நம்பர்தான் இருக்கணும்னு விதி இல்ல. 2575 முதல் 9000 வரைன்னு எழுதுங்க. அது ஒரு பதிவு."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, அப்படி எழுதினா நடுவுல இருக்கிற அத்தனைக்கும் அனுமதி ஆயிடும். ஆறாயிரத்து நானூத்தி இருபத்தாறு கதவு."

"எத்தனைன்னு படிவத்துல கேள்வி இல்லையே," என்று சொல்லிவிட்டு அம்மா படியேறிப் போனார்.

தொழில் தெரிந்தவனுக்கு இது கூசியது. மூன்று சாவி கேட்டவனிடம் ஊர்ச் சாவி முழுவதையும் கொடுக்கிற வேலை இது. ஆனால் அக்கா அன்றைக்கு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள். அனுமதி எத்தனைக்கு வந்தாலும் நாம் திறக்கப்போவது மூன்றுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு தம்பி எழுதிக் கொடுத்தான்.

நான்கு நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. ஒன்பது வருடத்தில் முதல் அனுமதி. தலைவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். செயலர் சின்னதாகக் கைதட்டினார்.

தம்பிக்கு மனசாட்சி உறுத்தியது. "சார், உங்ககிட்ட சொல்லிடறேன். எனக்கு வேண்டியது மூணுதான். இதுல ஆறாயிரத்துக்கு மேல இருக்கு."

"கட்டத்துல ஒண்ணுதான் இருக்கு," என்றார் தலைவர். நீட்டிய கை மெல்லப் பின்வாங்கியது. "ஒண்ணு கேட்டீங்க, குடுத்தோம். கேக்காம வாங்கிட்டுப் போனவங்களைப் பார்த்திருக்கேன். குடுத்தப்புறம் குறைச்சுக்கிறேன்கிறவரை இப்பத்தான் பார்க்கிறேன். என்ன மறைக்கிறீங்க?"

ஒன்றும் மறைக்கவில்லை என்று தம்பி சொன்னான். அதையும் செயலர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே மூன்று கதவுகளைத் திறந்தான். மறுநாள் காலை பத்தரை மணிக்கு அக்காவின் மேசையில் மணி அடித்தது. திரையில் சிவப்பாக "ஒன்பதாம் அறை" என்று வந்தது. அங்கே ஒரு லாரி ஓட்டுநர் நுரையீரலில் நீர் கோத்துப் படுத்திருந்தார். மூக்குக் குழாய் நழுவியிருந்தது. அக்கா அரை நிமிடத்தில் அவர் பக்கத்தில் நின்றாள். மத்தியானம் அவள் டீ குடித்தாள், சூடாக. ஒரு மாதத்துக்குப் பிறகு சூடாகக் குடிக்கிற டீ என்று கீழே வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேமரா அதையும் பதிவு செய்தது.

பதினோரு நாள் நன்றாகப் போயிற்று. மேசை மணி ஏழு தடவை அடித்தது, ஏழு தடவையும் அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் நாள் தம்பிக்கு மெமோ வந்தது.

"தங்களுக்கு அனுமதிக்கப்பட்ட கதவுகள் 6,426. பயன்பாட்டில் காணப்படுபவை 3. மீதி 6,423 கதவுகள் எங்கே? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்."

தம்பி இரண்டு தடவை படித்தான். பதிலை ஒரே வரியில் எழுதினான். "மீதிக் கதவுகளை நான் திறக்கவில்லை." உண்மைக்கு இவ்வளவு இடம் போதும் என்று நினைத்தான். நாற்பத்தொரு கேள்விகளுக்குப் பதில் எழுதியும் அவனுக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மறுபடி நான்காம் மாடி. இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"திறக்கலைன்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம்?"

"திறக்காத கதவுக்கு என்ன சார் ஆதாரம் காட்டுறது? அது மூடித்தான் இருக்கு."

"மூடின கதவுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" தலைவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "திறந்திருந்தா எட்டிப் பார்க்கலாம். நீங்க மூடி வெச்சிருக்கீங்க. அனுமதி இருந்தும் மூடி வெச்சிருக்கீங்க. நாங்க ஒன்பது வருஷமா எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கோம், அது பாதுகாப்பு. ஒரு தனி ஆள் மூடி வெச்சா அது பதுக்கல். இந்த வித்தியாசம் புரியாம இருக்கிறதுதான் உங்க பிரச்சினை."

முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது. 6,426 கதவுகளையும் எண் வரிசைப்படி சோதனையிடுவது. நாள் ஒன்றுக்கு இருபது வீதம். சோதித்த கதவு, கடைசிக் கதவு சோதிக்கப்படும்வரை முத்திரையோடு மூடியிருக்கும். இல்லாவிட்டால் முதலில் சோதித்த இடத்துக்குக் குற்றம் நகர்ந்துவிடும் அல்லவா?

தம்பி மனதுக்குள் கணக்குப் போட்டான். முந்நூற்று இருபத்திரண்டு வேலை நாட்கள். பிறகு வரிசையின் முதல் எண் எது என்பது உறைத்தது.

"சார், முதல் கதவுதான் மணி வர்ற கதவு. கடைசியில இருந்து ஆரம்பிங்க சார். இல்ல, அது ஒண்ணை மட்டும் விட்டுருங்க. அதை மூடினா ஒன்பதாம் அறையில ஆள் செத்தாலும் தெரியாது."

தலைவர் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஆறாயிரத்துல ஒண்ணை மட்டும் பார்க்க வேணாங்குறீங்க," என்றார். "அப்ப அதைத்தான் முதல்ல பார்க்கணும்."

தம்பி அங்கிருந்து நேரே நிர்வாக அலுவலகத்துக்கு ஓடினான். அக்காவுக்கு மெமோ கொடுத்தவர்களாயிற்றே, மணியின் அருமை தெரிந்திருக்கும் என்று நினைத்தான். குழு சுதந்திரமாக இயங்குகிறது, தலையிட மாட்டோம் என்றார்கள். மெமோவை வாபஸ் வாங்குவீர்களா என்று கேட்டான். மணியைக் கேட்பது செவிலியரின் கடமை என்றார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு 2575 மூடப்பட்டது. சோதனையாளர் கணினி அலமாரிக் கதவின் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டி, அதன்மேல் முத்திரை குத்தினார். அந்தக் காகிதத்துக்கும் போர்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் அவருக்குத் திருப்தியாக இருந்தது. 8080-க்கு முறை வர இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும் என்பதால் மேசைத் திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. செய்தி எதுவும் வராததால் அதில் எல்லா அறைகளும் பச்சையாகத் தெரிந்தன. 9000 வழியாக நிரல் நிமிடத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாகச் சொன்னது. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று குழு அன்றைய குறிப்பில் பாராட்டி எழுதியது.

அக்கா பச்சைத் திரையைப் பார்த்தாள். திரையின்மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டு மூடினாள்.

"இதுக்கு முன்னாடி எனக்குக் கேக்கலைன்னாவது தெரிஞ்சிருந்துச்சுடா. இப்ப ஒண்ணும் இல்லன்னு இது பொய் சொல்லுது."

தம்பி கீழே போய் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்தான். திருப்பத்துக்கு அப்பால், ஒன்பதாம் அறைக்கும் பதினொன்றாம் அறைக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். முந்நூற்று இருபத்திரண்டு நாளைக்கு விடுப்பு கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். இன்றைக்கு இருந்தது.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒன்பதாம் அறையில் மணி அடித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அது பூனை முனகுவதுபோல்தான் கேட்டது. தம்பி எழுந்து திருப்பத்துக்கு ஓடி, தொண்டையில் இருந்த அத்தனையையும் எடுத்து, "அக்கா, ஒன்பது" என்று கத்தினான். அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓட்டுநருக்கு மறுபடி மூச்சு முட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் குழாயைச் சரிசெய்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் "எங்க போயிருந்தீங்க" என்று கேட்கிற அளவுக்குத் தேறினார்.

அக்கா வெளியே வந்தபோது நடைபாதையில் சோதனையாளர் நின்றிருந்தார். 2575 மூடப்பட்டதற்குச் செவிலியரிடம் கையெழுத்து வாங்க வந்தவர், நடந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து பார்த்துவிட்டார். கையில் பதிவேடு விரிந்திருந்தது.

"இப்ப இந்த அறையிலேர்ந்து அந்த மேசைக்கு ஒரு தகவல் போச்சு," என்றார் தம்பியிடம். "எந்த வழியா போச்சு?"

"வாயால சொன்னேன் சார்."

"எண்?"

"எண்ணெல்லாம் இல்ல."

"அனுமதி?"

சோதனையாளர் குனிந்து, நிதானமாக, சொல்லிக்கொண்டே எழுதினார். "ஒன்பதாம் அறைக்கும் செவிலியர் மேசைக்கும் இடையே, எண் இல்லாத, அனுமதி பெறாத ஒரு கதவு திறந்திருப்பது நேரில் காணப்பட்டது. உடனடியாக மூடப்பட வேண்டும்."

"எப்படி மூடுவீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"அது குழு கூடி முடிவு பண்ணும்மா. அதுவரைக்கும் இவர் அதைத் திறக்கக் கூடாது. திறந்தா நடவடிக்கை."

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான்காம் அறையிலிருந்து யாரோ கூப்பிட, தம்பியின் தோளை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். திருப்பத்தில் மறைந்தாள். அவளுடைய செருப்புச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க," என்று சோதனையாளர் பதிவேட்டை நீட்டினார்.

தம்பி பேனாவை வாங்கினான். தன் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் இருந்தது, நகம் அளவுக்கு. அப்போது பதினொன்றாம் அறையில் மணி அடித்தது.

சோதனையாளருக்கும் கேட்டது. அவர் அந்த அறைப் பக்கம் திரும்பவில்லை. பாக்கெட்டிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

தம்பி வாயைத் திறந்தான்.